விருந்தாளி வாய் திறந்தால்...



கோடை தொடங்கினால் நாங்கள் வாழும் ஊர்களில் வெளிநாட்டவர் விழா என்று ஒன்று வைப்பார்கள். நகரசபையோ தேவாலயமோ எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடும். எங்கள் பெண்கள் விடியவே எழும்பி வடை சுடுவார்கள், ரோல்ஸ் பொரிப்பார்கள். பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடுவார்கள். ஜேர்மன்காரர் உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நல்ல ருசி என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவார்கள். பின்னேரம் கூடாரத்தைக் கழற்றி, சட்டிபானை கழுவி, வீட்டுக்கு வந்து சேருவோம். அடுத்த வருஷமும் கடிதம் வரும்.

இதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. மொழி தெரியாமல் வந்திறங்கிய காலத்தில் எங்களுக்காக முதலில் கதைத்தது அந்த வடைதான். ஆனால் வருஷக்கணக்காக வடையோடேயே நிற்கிறோமே என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் காட்டுகிறோம், அவர்கள் பார்க்கிறார்கள். நோட்டீசில் மட்டும் "கலாசாரப் பரிமாற்றம்" என்று பெரிய எழுத்தில் அடித்திருக்கும். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது அல்லவா? விருந்தாளியும் வீட்டுக்காரனும் இருந்து கதைக்க வேண்டாமா?

அப்படிக் கதைத்த சில கலைஞர்களைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம். இடம் காசல் நகரம். அங்கே நடக்கும் கண்காட்சியின் பெயர் டொக்குமென்ரா. புதிதாக வந்த குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அது படித்தவர்களின் சங்கதி, மிஷினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கும் எங்களுக்கு என்னத்துக்கு என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

காசல் ஜேர்மனியின் நடுவில் உள்ள ஒரு தொழிற்சாலை நகரம். ஹென்ஷல் என்ற கம்பனி அங்கே புகையிரத இயந்திரங்கள் செய்தது. யுத்தகாலத்தில் தாங்கிகளும் செய்தது. 1943 ஒக்ரோபரில் ஒரே இரவில் விழுந்த குண்டுகளில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போனது. குண்டுக்குப் பயந்து பதுங்குகுழி வெட்டிய எங்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த ஊரில் பிறந்தவர் ஆர்னோல்ட் போட என்ற ஓவிய ஆசிரியர். நாசிகள் 1933இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நவீன ஓவியங்களைச் "சீரழிந்த கலை" என்று சொல்லி அரும்பொருட்காட்சியகங்களிலிருந்து அகற்றினார்கள். 1937இல் மியூனிக் நகரத்தில் அவற்றைச் சனங்கள் கேலி செய்வதற்கென்றே காட்சிக்கு வைத்தார்கள். யுத்தம் முடிந்து பத்து வருஷம் கழித்து, 1955இல், குண்டுபட்டு அரைகுறையாகத் திருத்தியிருந்த பிறிடெறிசியானும் என்ற பழைய காட்சியகத்தில் போட ஒரு கண்காட்சி வைத்தார். விரட்டப்பட்ட கலைஞர்களின் படைப்புகள் திரும்பவும் சுவருக்கு வந்தன. 130,000க்கு மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அதுதான் முதலாவது டொக்குமென்ரா. இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, 100 நாட்கள் நடக்கிறது.

தொடக்க காலத்தில் மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் அங்கே பெரும் இடத்தைப் பிடித்திருந்தன. 2002இல் நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசோர் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் கலைஞர்களுக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காசலில் காத்திருக்கவில்லை. கண்காட்சிக்கு முதலே வியன்னா, புதுடில்லி, சென்லூசியாத் தீவு, லாகோஸ் என்று பல இடங்களில் கூட்டங்கள் வைத்துக் கதைத்தார். கூப்பிடுகிறவன் முதலில் விருந்தாளியின் வாசலுக்குப் போக வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் 2017ஆம் ஆண்டின் இரண்டு படைப்புகளை எங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த மார்த்தா மினுஹின் என்ற பெண் செய்தது. அவருடைய நாட்டில் இராணுவ ஆட்சி பல புத்தகங்களைத் தடைசெய்திருந்தது. அந்த ஆட்சி 1983இல் முடிந்தபோது, தடைசெய்யப்பட்டிருந்த அந்தப் புத்தகங்களைக் கொண்டே புவனஸ் அயர்ஸ் நகரத்தில் ஒரு கிரேக்கக் கோயிலின் வடிவத்தை அவர் கட்டினார். 2017இல் அதே மாதிரி ஒன்றைக் காசலின் பிறீட்றிக் சதுக்கத்தில் கட்டினார். ஏதென்ஸிலுள்ள பார்த்தினன் கோயிலின் அளவில் இரும்புச் சட்டம் நிறுத்தி, உலகத்தின் பல இடங்களில் தடைசெய்யப்பட்ட புத்தகங்களை பிளாஸ்ரிக் உறையில் சுற்றித் தூண்களில் கட்டினார்கள். புத்தகங்களைக் கொடுத்தது பொதுசனம். கண்காட்சி முடிந்ததும் அவற்றைச் சனங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏன் அந்தச் சதுக்கம்? 1933 மே 19ஆம் திகதி நாசிகள் சுமார் 2,000 புத்தகங்களை அங்கேதான் எரித்தார்கள்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு எந்த ஊர் நினைவு வரும் என்று எங்களுக்குத் தெரியும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிந்தது. சுமார் 97,000 புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. அந்த ஆர்ஜென்ரீனப் பெண் தன் நாட்டுக் காயத்தைக் கொண்டுவந்து காசலின் காயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்களில் ஒருவர் அந்தத் தூணுக்குக் கீழே போய் நின்றிருந்தால் மூன்றாவது காயமும் சேர்ந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் ஜேர்மன்காரரிடம் அதை ஒரு வசனத்தில் சொல்ல எங்களுடைய அரைகுறை டொச்சே போதும். அவரும் திருப்பி ஒன்று சொல்லுவார். பரிமாற்றம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, ஒலு ஒகிபே செய்த தூண். இவர் 1964இல் நைஜீரியாவில் பிறந்தவர். 1967 முதல் 1970 வரை நடந்த பியாபரா யுத்தத்துக்குள் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். காசலுக்கு வந்தபோது அவர் ஆபிரிக்க முகமூடியோ மேளமோ கொண்டுவரவில்லை. நகரத்தின் நடுவிலுள்ள அரசர் சதுக்கத்தில், சனம் ட்ராமுக்கும் கடைக்கும் நடக்கிற இடத்தில், 16 மீற்றர் உயரத்தில் ஒரு கொங்கிறீற் தூணை நிறுத்தினார். பழைய எகிப்தில் பிறந்த கூர்நுனித் தூணின் வடிவம் அது. அதற்கு அந்நியருக்கும் அகதிகளுக்குமான நினைவுத்தூண் என்று பெயர் வைத்தார். நான்கு பக்கத்திலும் ஒரே வசனம் பொன்னிற எழுத்தில் இருக்கிறது. அந்நியனாக வந்த தன்னை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றி இயேசு பேசும் மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகார வசனம் அது. ஜேர்மன், ஆங்கிலம், அரபு, துருக்கி என்று நான்கு மொழி.

இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். அகதிகளுக்கு இரங்குங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. ஊர்க்காரர் சின்ன வயதில் தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த வசனத்தையே எடுத்து, அவர்கள் தினமும் நடக்கும் பாதையில் வைத்துவிட்டார். அதற்குள் நன்றியும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. வாசிக்கிறவருடைய மனதைப் பொறுத்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஒரு வலதுசாரிக் கட்சியின் நகரசபை உறுப்பினர் தூணை இழிவாகப் பேசினார். வேறு ஆட்கள் அதை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று காசு சேர்த்தார்கள். எங்கே வைப்பது என்பதில் நகரசபைக்கும் கலைஞருக்கும் நீண்ட இழுபறி. 2018 ஒக்ரோபர் 3ஆம் திகதி, ஜேர்மனி ஒன்றிணைந்த நாளில், தூணைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். பிறகு அந்த மாதத்திலேயே இரு பக்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2019 ஏப்ரலில் அது பக்கத்திலுள்ள படிக்கட்டு வீதியில் திரும்ப நிறுத்தப்பட்டது.

அகதிகளுக்கான தூணுக்கே இருந்த இடத்திலிருந்து கிளப்பி வேறு இடம் கொடுத்தார்கள் என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு ஹைமிலிருந்து இன்னொரு ஹைமுக்குப் பெட்டி தூக்கியவர்கள் அல்லவா நாங்கள்! ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வடையைப் பற்றி ஒரு நகரசபையும் சண்டை பிடித்ததில்லை. விருந்தாளி வாய் திறந்து ஊரைப் பற்றி ஏதும் சொன்னால்தான் ஊர் இரண்டுபடும், பத்திரிகை எழுதும், காசு சேரும், பேச்சு நடக்கும். முடிவில் அந்தத் தூண் ஊரின் சொத்தாகிவிட்டது.

விருந்தாளி பேசுவதெல்லாம் சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2022இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்துக் கலைஞர் குழுவான ருவாங்ருபாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊர் முழுவதும் விளைச்சலைச் சேர்த்துவைத்துப் பங்கிடும் நெற்களஞ்சியம், எங்கள் வன்னிப் பக்கத்துக் கொம்பறை மாதிரி ஒன்று, அதுதான் அவர்களுடைய கருத்து. நல்ல கருத்து. ஆனால் இன்னொரு இந்தோனேசியக் குழு முன்பு தங்கள் நாட்டுச் சர்வாதிகாரத்தை எதிர்த்து வரைந்த ஒரு பெரிய பதாகையில், யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்களும் இருந்தன. அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட வரலாற்றைச் சுமக்கும் நாடு இது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பதாகையை முதலில் துணியால் மூடினார்கள், பிறகு இறக்கினார்கள். வரைந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தன் காயத்தைச் சொல்ல வருகிறவன் இன்னொருவனுடைய காயத்தை மிதிக்கக் கூடாது என்று அந்தக் கோடையில் எல்லாரும் படித்தார்கள். எங்களுக்கும் அது பாடம். இந்த நாட்டின் சரித்திரத்தைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு கதைத்தால் எங்கள் கதையும் மதிப்போடு கேட்கப்படும்.

எங்கள் தொழிற்சாலையில் துருக்கிக்காரர், போலந்துக்காரர், வியட்நாம்காரர் எல்லாரும் வேலை செய்கிறார்கள். இடைவேளையில் சாப்பாட்டைப் பகிர்ந்து கொள்கிறோம். ஏன் ஊரைவிட்டு வந்தாய் என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஒகிபேயின் தூணில் துருக்கி மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. அதற்காக மனவருத்தப்பட வேண்டாம். துருக்கிக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, இந்த ஊர்களில் மூன்று தலைமுறையாக வாய் திறந்து கதைத்தவர்கள். நாங்களும் கதைத்தால்தான் எங்கள் எழுத்தும் ஒரு நாள் எங்காவது ஏறும்.

ஆகவே புதிதாக வந்த குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிய விஷயங்கள்தான். அடுத்த வெளிநாட்டவர் விழாவில் வடைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். ஊர் வீட்டின் படத்தை ஒரு பிள்ளை வரையட்டும். கீழே டொச் மொழியில் நான்கு வரி எழுதட்டும். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஏதும் நடந்ததா என்று கேட்டு ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும் வையுங்கள். எங்கள் ஊர்களில் குண்டுவீச்சை நினைவில் வைத்திருக்கும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவார்கள்.

பிள்ளை சித்திரத்தில் கெட்டி என்று வகுப்பாசிரியர் சொன்னால், கணக்கில் எத்தனை புள்ளி என்று உடனே கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரத்துக் காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள். கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை.

காசலுக்குப் போக வசதி கிடைத்தால் அந்தத் தூணைப் பார்க்க ரிக்கற் எடுக்கத் தேவையில்லை. அது வீதியில் நிற்கிறது. பதினாறாவது டொக்குமென்ராவை 2027 ஜூன் 12 முதல் செப்ரெம்பர் 19 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். லீவு எழுதிக் கொடுக்கும்போது இந்தத் திகதிகளையும் மனதில் வைத்திருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.