பண்டலைப் பிரிக்காம வாங்குவீங்களா?

காதர்பேட்டையில லேபிள் வெட்டின எக்ஸ்போர்ட் பனியன் வாங்குறவங்க யாரும் ஏமாளி இல்லீங்க. தையலை இழுத்து, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஓட்டை இருக்கான்னு பாத்துட்டுத்தான் காசை எடுப்பாங்க. அதே ஆளு வீட்டுக்கு வந்து, எவனோ சொன்ன வரியை சோர்ஸ் லிஸ்ட்டுல சேர்த்து, சுடோ போட்டு பாஸ்வேர்டையும் தட்டிடுறாரு! டெப் பொட்டலத்துக்குள்ள இருக்குற ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோட ஓடும் சாமி. பனியன் சாயம் போனா பனியனோட போச்சு...

2013 ஜூன் ஞாபகம் இருக்கா? டெபியன்-மல்டிமீடியா. பாட்டு, படம் ஓட்டுற கோடெக்குக்காக ஊரே சேர்த்து வச்சிருந்த வெளிக் களஞ்சியம். நடத்தினவர் வேற முகவரிக்கு மாறிட்டார். பழைய முகவரி காலாவதியாகி முகம் தெரியாத யார் கைக்கோ போயிடுச்சு. அந்த வரியை எடுத்துடுங்கன்னு டெபியன்காரங்களே எச்சரிக்க வேண்டியதாப் போச்சு. கடை கைமாறினது வாடிக்கைக்காரருக்குத் தெரியவே இல்ல!

வெளிக் களஞ்சியமே கூடாதுன்னு சொல்லல. உரிமைச் சிக்கலால மெயின்ல வராத சரக்கு நிறைய இருக்கு. ஆனா குடுக்குறவர் கையெழுத்துச் சாவியும் மூலநிரலும் சேர்த்துக் குடுக்கணும், நிறுத்தும்போது நிறுத்திட்டேன்னு சொல்லணும். 'எனக்கு ஓடுது'ன்னு ஒரு கோப்பைத் தூக்கிப் போடுறதுக்குப் பேரு சேவையா? அடுத்த அப்கிரேடுல உடைஞ்சு நிக்கப்போறது, நம்ம பேச்சைக் கேட்டு லினக்ஸுக்கு வந்த பில்லிங் கடைக்காரர்தானுங்க.