அந்தக் கறுப்புக் கைப் படத்துக்கு என் பதில்



போன ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நான் போட்ட படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மணிக்கட்டு வரை கறுத்த இரண்டு கைகள், பக்கத்தில் என் பழைய ஸ்ப்ளெண்டர், கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினில் கழிவு ஆயில். "மாமா, மெக்கானிக்கிட்ட விட்டா கூலி நூறோ நூத்தம்பதோதானே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சென்னையிலிருந்து தங்கை மகன் கேட்டிருந்தான். "சார், இந்த வயசுல குனிஞ்சு நிமிர்ந்து இதெல்லாம் தேவையா?" என்று ஒரு மாணவி. இரண்டும் அக்கறையில் கேட்ட கேள்விகள்தாம். குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் பிடிப்பதற்காக வீட்டில் ஆயில் மாற்றாதீர்கள். அப்படி ஒன்றும் பெரிதாக மிச்சமாகாது. ஆனால் பைக் ஓட்டுகிற ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒருமுறையாவது தன் வண்டியின் ஆயிலைத் தன் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒருமுறை செய்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். அதே வேலையை நாள் முழுக்கச் செய்கிறவனை மதிக்கவும் தெரியும். இரண்டுமே எனக்கு வயதான பிறகுதான் வந்தன.

இது ஒரு பில்லில் ஆரம்பித்தது. பல வருடமாக வண்டியை ஒரே இடத்தில்தான் சர்வீஸுக்கு விடுவேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஒருநாள் வீட்டில் சும்மா இருந்தபோது பழைய பில்களை அடுக்கினேன். பலவற்றில் 'ஆயில் ஃபில்டர் – 1' என்று ஒரு வரி. தொகை சின்னதுதான். வண்டி வாங்கியபோது கொடுத்த கையேடு ஆர்.சி. புத்தகத்தோடு பாலிதீன் உறையிலேயே கிடந்தது. அன்றுதான் முதன்முறையாகப் பிரித்துப் படித்தேன். என் ஸ்ப்ளெண்டரில் மாற்றிப் போடும் காகித ஃபில்டரே கிடையாது! எஞ்சினுக்குள் ஒரு கம்பி வலை உண்டு. அதோடு ஒரு மையவிலக்கு ஃபில்டர் உண்டு. இரண்டையும் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டுமே தவிர, புதிதாக வாங்கிப் போட ஒன்றுமில்லை. போய்க் கேட்டேன். "எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார்" என்றார்கள்.

போன பணத்தைவிட இன்னொன்று என்னை உறுத்தியது. மையவிலக்கு விசையைப் பல வருடம் கரும்பலகையில் நடத்தியவன் நான். பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் கருவி, துணி பிழியும் இயந்திரம் என்று எடுத்துக்காட்டு சொல்வேன். என் வண்டியிலும் அதே விஷயம்தான் நடந்துகொண்டிருந்தது. கிராங்க் தண்டின் முனையில் ஒரு சிறு கிண்ணம் சுழல்கிறது. அதற்குள் வரும் ஆயிலில் உள்ள கனமான அழுக்கு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. சுத்தமான ஆயில் மேலே போகிறது. அந்த எடுத்துக்காட்டின் மேல் உட்கார்ந்துதான் தினமும் பள்ளிக்கூடம் வந்தேன். எனக்கே தெரியவில்லை. "ஏன் என்று கேள்" என்று உங்களுக்குச் சொன்ன வாத்தியார், தன் பில்லில் ஒரு வரியைப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆயிலை நானே மாற்றினேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கடைசியில் ட்ரெயின் போல்ட்டை முடுக்கும்வரை. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் நீளமான ஸ்பேனர் போட்டு, முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினேன். மறுநாள் காலை தரையில் ரூபாய் அளவுக்கு ஒரு ஆயில் பொட்டு. இன்னும் இறுக்கினேன். போல்ட் இறுகாமல் சும்மா சுற்றியது. மரை போய்விட்டது.

ஊற்றிய ஆயில் ஒழுக ஒழுக, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடை வைத்திருப்பவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னான்: "சார், ஆயிலை அடைக்கிறது போல்ட்டு இல்ல, வாஷர். போல்ட்டு அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். எஞ்சின் அலுமினியம், போல்ட்டு இரும்பு. ரெண்டும் சண்டை போட்டா இரும்புதான் ஜெயிக்கும்."

மரையைச் சரிசெய்து கொடுத்தான். கூலி வாங்க மறுத்தவனின் சட்டைப்பையில் நான்தான் திணித்தேன். அதற்குப் பிறகு அவன் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பல நாள் சாயங்காலம் கற்றுக்கொண்டேன். அவன் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில் ஆயிலின் பாகுநிலை குறைந்து அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். ஆனால் சைலன்சர் சுட்டுவிடும், கை கவனம். கீழே பேசினை வைத்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, அப்புறம் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்குச் சுலபமாக ஏறினால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு ஸ்பேனரால் அளவாக ஒரு முடுக்கு. கோபத்தைப் போல்ட்டில் காட்டாதீர்கள்.

எந்த ஆயில், எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டைக் கேளுங்கள். என் வண்டிக்கு 10டபிள்யூ-30, ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பல்சர் 150-க்கு 20டபிள்யூ-50. முதல் எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது. நடுவில் இருக்கும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலையைச் சொல்வது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்தபடி வேலை செய்கிறது. வழுக்கலை அதிகமாக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். விலை அதிகமுள்ள ஆயில்தான் நல்ல ஆயில் என்று நினைக்காதீர்கள்.

புனல் வைத்து ஊற்றி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். என் வண்டியில் அளவு குச்சியைத் திருகாமல் சும்மா செருகித்தான் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

வடிந்த ஆயிலையும் ஒரு நிமிடம் பாருங்கள். கறுப்பாக இருப்பது நோய் அல்ல. அழுக்கைத் தன்னோடு சுமந்துகொண்டு வருவது ஆயிலின் வேலை. ஆனால் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வெள்ளம் வந்தபோது எத்தனையோ வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயிலில் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உலோகத் துகள் இருந்தாலும் நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

ஃபில்டர் விஷயத்தில் வீரம் வேண்டாம். பல்சர், ராயல் என்ஃபீல்டு 350 போன்ற வண்டிகளில் காகித ஃபில்டர் உண்டு. மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தோடு புதிதாகப் போட்டுவிடலாம். பழையது எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி போன்றவற்றில் வலையையும் மையவிலக்கு ஃபில்டரையும் சுத்தம் செய்ய எஞ்சினின் வலதுபக்கப் பெரிய மூடியையே திறக்க வேண்டும். அதை அவன்தான் செய்கிறான், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதேபோல், வாரண்டி முடியாத புது வண்டியிலும் நீங்கள் கை வைக்காதீர்கள். சர்வீஸ் பதிவு விட்டுப்போனால் பிறகு அலைச்சல்.

இனி, படத்தில் நான் செய்த தவறு. அதைப் பார்த்து என்னைக் கண்டித்த ஒரே ஆள் அந்த மெக்கானிக் மாணவன்தான். "கிளவுஸ் போடாம ஏன் சார் செஞ்சீங்க?" என்றான். அவன் சொன்னது சரி. கழிவு ஆயில் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் தீங்கு. அதில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களும் உண்டு. நாள் முழுக்க அதில் கை வைக்கிறவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது லைக் வாங்கும் படமாகத் தெரிந்தது.

அதைவிட முக்கியமானது, பேசினில் இருக்கும் அந்த ஆயில் எங்கே போகிறது என்பது. வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்களில் சிலர் தெருச் சாக்கடையில் ஊற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் காலி மனையில் ஊற்றுகிறார்கள், கரையானுக்கு நல்லது என்று மரத்தூணில் பூசுகிறார்கள், குப்பையோடு போட்டுக் கொளுத்துகிறார்கள். என் அப்பாவும் தூணுக்குப் பூசியவர்தான். மண்ணில் ஊற்றியது கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் வந்து சேரலாம். தண்ணீரில் விழுந்தது மெல்லிய படலமாகப் பரவி, காற்றை உள்ளே விடாமல் மூடும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கழிவு ஆயில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். என் மாணவன் கடை ஓரத்தில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறான். அது நிறைந்ததும் எடுத்துப் போக ஆள் வருகிறார். நான் மூடி போட்ட கேனில் ஊற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். போகும்போது காலி ஆயில் டப்பாவையும் வெட்டிப் போட்டுவிடுங்கள். முழு டப்பாவாகக் கிடைத்தால் போலி ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கழிவு ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களுக்கு ஓர் இடம் இல்லையென்றால், வீட்டில் ஆயில் மாற்றாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. நம் கை சுத்தமாகத் தெருவை அழுக்காக்குவதைவிட, மெக்கானிக்குக் கூலி கொடுப்பது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. என் வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்த்து, "இப்படியே இருந்தா மெக்கானிக் ஷெட்டுலதான்டா நிக்கணும்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவனிடமும் சொல்லியிருக்கிறேன். அவன் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அது எனக்கு ஞாபகம் வந்தது. அவனிடமே சொன்னேன். "அதுக்கென்ன சார், எல்லா வாத்தியாரும் சொல்றதுதானே" என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார்" என்று எனக்குக் கிடைத்த பதிலும் இதுவும் ஒன்றாகவே எனக்குக் கேட்டன. எல்லாரும் செய்வதால் ஒரு தவறு சரியாகிவிடாது.

அப்படிச் சொல்லி நான் சிரிக்கவைத்த மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடுங்கள். இப்போது ஆசிரியர் பணியில் இருக்கும் என் மாணவர்கள், அந்த வாக்கியத்தை உங்கள் வகுப்பறையில் சொல்லாதீர்கள்.

தங்கை மகனுக்கு: பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உன் பல்சரின் கையேட்டையும் கொண்டு வா. ஸ்பேனரும் பேசினும் என்னிடம் இருக்கின்றன. கிளவுஸ் இரண்டு ஜோடி வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்