மென்பொருள் வாங்கும் முன்



திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், "நாங்களும் டிஜிட்டலுக்கு மாறிட்டோங்க" என்று ஓனர் பெருமையாகச் சொல்கிறார். ஈ.ஆர்.பி. போட்டாயிற்று, தையல் லைனில் டேப்லெட் மாட்டியாயிற்று, ஆபீஸ் சுவரில் பெரிய திரையும் வந்துவிட்டது. எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டால்தான் பதில் இழுக்கிறது. பையர் கேட்டாராம், பக்கத்துக் கம்பெனியில் போட்டுவிட்டார்களாம்.

இலக்கு வைத்து வேலை செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் பட்ட பாடு அந்த வழக்கின் பின்னால் இருந்தது. பட்டறையைத் திறக்க நிபந்தனை: ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது. அந்தப் பூஜ்ஜியம் முதலில் வந்தது. ஆர்.ஓ., எவாப்பரேட்டர், மீட்டர் எல்லாம் அதன் பின்னால் வந்தன. எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு சுத்தமாகித் திரும்பியது, எவ்வளவு உப்பு மீண்டது என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த எண் தெரியாவிட்டால் கடை நடக்காது. வேதனையோடு கற்ற பாடம், விவசாயிகளுக்கு மிகத் தாமதமாக வந்த பாடமும்கூட.

பனியன் கம்பெனிக்குள் அப்படி ஓர் எண் எது? மேடைகளில் 'ஒரு லட்சம் கோடி ஏற்றுமதி' என்று பேசுகிறோம். 2024-25இல் ஊரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஏற்றுமதியாளர் சங்கத்துக்கு அந்தக் கனவு பொருந்தும். கட்டிங் மாஸ்டர் திங்கட்கிழமை காலையில் எதை மாற்றிச் செய்வது என்று அது சொல்லாது.

கிலோவிலிருந்து ஆரம்பிக்கலாம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு ஜாப் ஒர்க் யூனிட். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் எடை குறைகிறது. கட்டிங் வரை கிலோவில் இருந்த கணக்கு அதன் பிறகு பீஸாக மாறிவிடுகிறது. துணி எங்கே காணாமல் போனது என்பது அந்த இடத்தில்தான் மறைகிறது. ஒரு டன்னில் 2 சதவீதம் மிச்சம் பிடித்தால் 20 கிலோ. ஒரு டீ-ஷர்ட் 160 கிராம் என்று வைத்தால் 125 பீஸ். 'இந்த ஆறு மாதத்தில் நூலிலிருந்து பெட்டி வரை இழப்பை இவ்வளவு குறைப்போம்' என்று ஓனர் முடிவு செய்துவிட்டால், எந்தெந்த இடத்தில் எடை போட்டுப் பதிய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்கு ஏற்ற மென்பொருளைத் தேடினால் போதும். சில கம்பெனிகளுக்கு ஒரு நல்ல தராசும் எக்செல்லுமே போதும்.

இன்னொரு கம்பெனிக்கு ஏர் ஷிப்மென்ட் தலைவலியாக இருக்கலாம். கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். அவர்களுக்கு இலக்கு அதுதான். கிலோ கணக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அளக்கக் கிளம்பியவர்களின் திரைகள் மூன்றாம் மாதமே இருண்டுபோவதைப் பார்க்கிறோம்.

லைனில் மணிக்கு எத்தனை பீஸ் என்பதை மட்டும் இலக்காக வைக்காதீர்கள். டெய்லர் வேகத்தைக் கூட்டுவார், செக்கிங் டேபிளில் ஆல்டரேஷன் குவியும். அந்த டெய்லர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தைக்கூடத் திரை காட்டிக்கொடுக்கிறது என்றால், பதிவை ஏமாற்ற வழி கண்டுபிடிப்பார். அவர்மேல் தவறும் சொல்ல முடியாது. நம் ஊரில் ஏறக்குறையத் தப்பாத கணக்கு ஒன்று உண்டு, சனிக்கிழமைச் சம்பளத்துக்கான பீஸ் கணக்கு. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதனால் பயன் உண்டு, அதனால் இருவருமே சரிபார்க்கிறார்கள். துணி இழப்பைக் குறைத்து மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு கட்டிங் டேபிளுக்கும் போனால் அந்தக் கணக்கும் அப்படியே நிற்கும் என்பது என் எண்ணம்.

அவசரம் வெளியிலிருந்தும் வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, 'எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள்?' என்று பையர்கள் கேட்டார்கள். பீஸுக்கு என்ன அடக்கம் என்று தெரிந்தவரால்தான் நிதானமாகப் பதில் சொல்ல முடிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டப்படி, ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் வரப்போகிறது. துணி எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தை ஒவ்வொரு ஆடையோடும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். டெலிவரி செலான் லாரி டிரைவரின் சட்டைப்பையில் கிடக்கும்வரை அது நடக்காது.

உங்கள் கம்பெனியில் இந்த ஆண்டு எந்த எண்ணை மாற்றப் பார்க்கிறீர்கள்? ஓனர், மெர்ச்சண்டைசர், டெய்லர் யாராக இருந்தாலும் எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம். முயன்று பலிக்காமல் போனதையும் எழுதுங்கள்; அடுத்த இதழில் அதற்குத்தான் முதல் இடம்.

அன்புடன்,
ஆசிரியர்