"எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்"

பீரியட்ஸ்ல ரத்தம் ரொம்பப் போகுதுன்னு ஒரு பொண்ணு சொன்னா, நம்ம வீடுகள்ல வர்ற முதல் பதில் என்ன? "எனக்கும் அப்படித்தான்டி, உங்க அம்மாச்சிக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆனா சரியாயிடும்." இந்தப் பதில் மேல எனக்கு ரொம்ப நாளா கோபம் உண்டு.

வான் வில்லிபிரான்ட் நோய்னு ஒண்ணு இருக்கு. அடிபட்ட இடத்துல தட்டணுக்கள் போய் ஒட்டிக்க பசை மாதிரி ஒரு புரதம் வேணும். அது குறைஞ்சாலோ, சரியா வேலை செய்யலைன்னாலோ ரத்தம் லேசுல நிக்காது. பரம்பரையா வர்றது. ஹீமோஃபிலியா மாதிரி எக்ஸ் குரோமோசோம் சமாச்சாரம் இல்லை, 12-வது குரோமோசோம். அதனால ஆண், பெண் ரெண்டு பேருக்கும் வரும். மாசாமாசம் அவஸ்தைப்படறது மட்டும் பெண்கள். லேசான வகை அவ்வளவு அபூர்வமில்லை. அந்தப் புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லாத மூணாம் வகைதான் அபூர்வம். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் கோளாறான மரபணு வந்தாதான் அது வரும். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கிற ஊர் நம்மளோடது, யோசிச்சுக்குங்க.

1926-ல எரிக் வான் வில்லிபிரான்ட்ங்கற ஃபின்லாந்து டாக்டர் இதைப் பத்தி முதல்ல எழுதினார். ஓலாந்து தீவுகள்ல ஒரு குடும்பம். அஞ்சு வயசுல அவர்கிட்ட வந்த சிறுமி 13 வயசுல செத்துப்போனா. நாலாவது மாதவிலக்குல :(

பரம்பரை நோய்னா, பாட்டிக்கும் அப்படித்தான் இருந்துச்சுங்கறது "இது நார்மல்"ங்கறதுக்கு சாட்சியா? டாக்டர்கிட்ட ஓடச் சொல்ற அறிகுறியே அதுதானே! பொட்டி தட்டறவன் பாஷைல சொன்னா, தப்பான அவுட்புட்டையே சரின்னு வெச்சு டெஸ்ட் பண்ணினா எல்லாமே பாஸ்தான்.

சில டாக்டர்களும் இரும்புச்சத்து மாத்திரையோட அனுப்பிடறாங்க. தட்டணு எண்ணிக்கை பெரும்பாலும் சரியா இருக்கும், சாதாரண உறைதல் டெஸ்ட்லயும் பல பேருக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் புரதத்தைத் தனியா அளக்கணும். ஏழு நாளுக்கு மேல போகுது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பேட் மாத்த வேண்டியிருக்கு, பல்லு புடுங்கினா ரத்தம் நிக்கலை, லேசா இடிச்சாலே கன்னிப்போகுதுன்னா கூச்சப்படாம கேளுங்க. வலிக்குதேன்னு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், ரத்தப்போக்கு இன்னும் கூடும். பலருக்கு டாக்டர் எழுதித் தர்ற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையே நல்லா கேக்கும்.

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஹீமோஃபிலியாவுக்குக் குடுத்த விளக்கத்தைப் பாருங்க. வழக்கமா ஆண்களுக்கு மட்டும் வரும், பெண்கள் மகன்களுக்குக் கடத்துவாங்கன்னு இருக்கு. கடத்தறவங்களுக்கும் ரத்தம் போகலாம்னு யாருக்கும் தோணலை போல.

"வெளில தெரிஞ்சா யார் கட்டிப்பா"ன்னு டெஸ்டே வேண்டாம்கற அம்மாக்களும் இருக்காங்க. சரி, சொல்லாமலே கட்டிவைச்சாச்சு. பிரசவத்தன்னிக்கு ரத்தம் நிக்காம லேபர் வார்டுல அந்தப் பொண்ணு கிடக்கும்போது, டூட்டி டாக்டருக்கு இதை யார் சொல்லுவா?