பறக்குமுன் பாயும் மின்சாரம்

வீட்டுக் கொட்டகையிலே தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்றால் நம்மவரிற் பலர் நம்பத் தயங்குவர். 1953ஆம் ஆண்டு மில்வாக்கி நகரிலே போல் பொபெரெஸ்னி தொடக்கிய பரிசோதனை விமானச் சங்கம் இன்று உலகறிந்த அமைப்பு. ஒரிகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனத்தின் பாகத் தொகுதிகளைக் கொண்டு கட்டப்பட்டவை மட்டும் 11,000க்கும் மேல் பறந்திருக்கின்றன. கட்டுமான வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே, அதில் நேரும் தவறுக்கும் பெரும்பாலும் அவரே பொறுப்பு.

கனடாவிலே இத்தகைய விமானமொன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னுடன் வாதிட்டார். கருவிப் பலகை பூட்டியாயிற்று. திரைகள், வானொலி, ட்ரான்ஸ்பொண்டர், தன்னியக்க விமானி எல்லாவற்றையும் தரையில் வைத்தே சோதிக்க வேண்டும். அதற்குக் கார்ப் பற்றரிக்கு மின்னேற்றும் கருவி போதாதா என்பது அவர் கேள்வி. போதாது என்பதே என் உறுதியான கருத்து.

இயந்திரம் ஓடாதபோது மின்பிறப்பாக்கியும் ஓடாது. விமானத்தின் பற்றரியை மட்டும் நம்பினால் வேலை நெடுநேரம் நடவாது. இவ்வகை விமானங்களிற் பரவலாகப் பாவிக்கப்படும் ஒடிசி பீசி680 பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 16 அம்பியர்-மணி. கருவிகள் 10 அம்பியர் இழுக்குமானால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலேயே அது தாங்கும். ஈய-அமிலப் பற்றரியை அடிக்கடி அடிமட்டம் வரை வற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைப்பதாகும்.

மின்னேற்றி என்பது பற்றரிக்காகச் செய்யப்பட்டது, கருவிகளுக்காகவன்று. பழைய வகை மின்னேற்றி ஆடலோட்டத்தை அரைகுறையாகவே நேராக்கும். அலைகளைத் தணிப்பது பற்றரிதான். பற்றரி இணைக்கப்படாவிட்டால் அதன் உச்ச வோல்ற்றளவு பெயரளவைவிட மிக உயரலாம். புதிய 'புத்திசாலி' மின்னேற்றிகளோ, கருவிகள் இழுக்கும் ஓட்டத்தையும் பற்றரி ஏற்கும் ஓட்டத்தையும் வேறுபடுத்தி அறியமாட்டாமல் குழம்பும். சிலவற்றிலே பற்றரியைப் புதுப்பிக்க உயர் வோல்ற்றளவுத் துடிப்புகளை அனுப்பும் முறையும் உண்டு. லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி பூட்டியவர்கள் அம்முறையைத் தொடவே கூடாது.

அப்படியானால் எது வேண்டும்? ஒழுங்காக்கப்பட்ட நேரோட்ட மின்வழங்கி. அதிலும் வோல்ற்றளவையும் ஓட்ட எல்லையையும் நாமே அமைக்கக்கூடியது. அமெச்சூர் வானொலி அன்பர்கள் பாவிக்கும் 13.8 வோல்ற்று, 30 அம்பியர் வழங்கிகள் இதற்கு நன்கு பொருந்தும். முழுதாக மின்னேற்றிய ஈய-அமிலப் பற்றரி சும்மா இருக்கையிற் காட்டுவது ஏறத்தாழ 12.7 வோல்ற்று, பறக்கையிலோ மின்பிறப்பாக்கி 14 வோல்ற்றுக்கு அண்மையிற் கொடுக்கும். கருவிகள் வாழப்போவது அந்த 14 வோல்ற்றிலேதான். சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும்.

ஓட்ட எல்லையின் பயன் முதல் நாளிலேயே தெரியும். எல்லாச் சுற்றுடைப்பான்களையும் இழுத்துவிட்டு, எல்லையை ஓரிரு அம்பியருக்குத் தாழ்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளவேண்டும். எங்காவது கம்பி மாறியிருந்தால் வழங்கி தானே தாழ்ந்து கொடுக்கும். ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான திரை புகையாகாது. பற்றரியோ குறுஞ்சுற்றுக்குள் நூற்றுக்கணக்கான அம்பியரை இரக்கமின்றிக் கொட்டிவிடும்.

நான்கைந்து நாள் வேலைக்காக இன்னொரு கருவி வாங்குவது வீண் செலவு என்றார் நண்பர். செலவை விடப் பெரிய காரணமொன்று உண்டு. வோல்ற்றளவை மெல்ல மெல்ல 11க்கும் அதற்குக் கீழும் இறக்கிப் பாருங்கள். எந்தத் திரை முதலில் அணைகிறது? எது மறுபடி தொடங்குகிறது? வோல்ற்றளவு குறைந்ததென்ற எச்சரிக்கை விளக்கு எப்போது எரிகிறது? ஆகாயத்தில் மின்பிறப்பாக்கி செயலிழந்தால் நிகழப்போவது இதுவே. மின்சாரத்தில் இயங்கும் எரிபற்றல் பூட்டிய இயந்திரமானால், வோல்ற்றளவு வீழும்போது இயந்திரமே நின்றுவிடலாம். இந்த ஒத்திகையை மின்னேற்றியால் நடத்த முடியாது.

வழங்கி மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இறுதியில் ஒருமுறை வழங்கியைக் கழற்றிவிட்டு, விமானத்தின் சொந்தப் பற்றரியில் அத்தியாவசியக் கருவிகளை மட்டும் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் தாங்குகிறதென்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்பிறப்பாக்கி நின்றபின் தரையிறங்க விமானிக்கு ஏறத்தாழ எவ்வளவு நேரம் உண்டு என்பதை அந்த எண் சொல்லும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். இணைக்குமுன் நேர், மறை முனைகளை இருமுறை சரிபார்க்க வேண்டும். விமான நிலையங்களிலுள்ள தரை மின்வண்டிகள் பல 28 வோல்ற்று வகை. 14 வோல்ற்று விமானத்திலே அவற்றை மாட்டுவது பேராபத்து. எரிபற்றல் ஆளி அணைந்திருக்க வேண்டும். உந்திக்கு எட்டத்தில் நிற்க வேண்டும். இயந்திரத்தை முடுக்குமுன் வழங்கியைக் கழற்றிவிட வேண்டும். பலகையின் பின்னே ஒரு மின்விசிறியும் வைத்தால் நல்லது. தரையிலே நெடுநேரம் எரியும் திரைகளுக்குப் பறக்கும்போது கிடைக்கும் காற்று இல்லை.

ஆண்டுக்கணக்கில் ஆணி ஆணியாகத் தேர்ந்து பூட்டிய மனிதர், கடைசிக் கட்டத்தில் அயலவரின் மின்னேற்றியை இரவல் வாங்கி முதன்முதல் மின்சாரத்தைப் பாய்ச்சுவது எனக்கு ஒவ்வாத சிக்கனம். நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை. வழங்கியை வாங்கும்வரை சுற்றுடைப்பான்கள் வெளியேயே இருக்கட்டும் என்றே அவருக்கு எழுதியிருக்கிறேன்.