ஒரு காகம், அந்தக் காகம்



'பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?' என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தமிழ் வழியில் படித்த அம்மா அப்பாக்களே அதிகம். 'எங்களுக்கே சரியாகத் தெரியாதே' என்ற தயக்கம் வரிக்கு வரி தெரிகிறது. தாகமெடுத்த காகத்தின் கதை தெரியுமல்லவா? தொடங்க அது போதும்.

கதையைத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். 'ஒரு காகம் இருந்தது' என்று ஆரம்பிப்பீர்கள். அடுத்த வரியில் மறுபடி 'ஒரு காகத்துக்குத் தாகம்' என்றால், 'இது வேற காகமா?' என்று பிள்ளை கேட்கும். அதனால் 'அந்தக் காகத்துக்கு' என்பீர்கள். ஆங்கிலத்தில் முதலில் 'எ க்ரோ', பிறகு 'தி க்ரோ' வருவதும் இதே கணக்குத்தான். 'தி'க்கு வேறு வேலைகளும் உண்டு. அவை மெதுவாக வரட்டும்.

'எ', 'ஆன்' குழப்பமும் பாதி நமக்குத் தெரிந்ததே. ஓர் ஊர், ஒரு வீடு என்று உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' போடுகிறோமே, அதே ஏற்பாடு. ஆங்கிலத்தில் மட்டும் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதலில் நிற்கும் எச் ஒலிப்பதில்லை. ஆகவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் எழுதப்பட்டாலும் யகர ஒலியில் தொடங்குகிறது. ஆகவே 'எ யூனிவர்சிட்டி', நாம் 'ஒரு யானை' என்பதுபோல.

அடுத்தது சிமிலி, அதாவது உவமை. நாயும் பூனையுமாக மழை கொட்டியது என்ற ஆங்கில மரபுத்தொடரை இன்னும் எதற்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்களோ! பிள்ளையே ஒன்று சொல்லட்டும். 'தாத்தா முழங்கால் பழைய கதவு மாதிரி சத்தம் போடுது' என்றால் அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எதில் ஒப்புமை என்றும் கேளுங்கள்: செயலிலா, பயனிலா, வடிவிலா, நிறத்திலா? இந்த நான்கு கேள்விகளும் தொல்காப்பியர் உவமவியலில் வகுத்துத் தந்தவை. எந்த மொழி உவமைக்கும் பொருந்துகின்றன.

கதையின் கூறுகளுக்கும் காகமே போதும். பாத்திரம், இடம், காலம் எல்லாம் எளிது. சிக்கல்தான் உயிர். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்து, காகம் குடித்துப் பறந்திருந்தால் கதை ஏது? காகம் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தியது வெறும் கற்பனை என்று வீட்டில் யாராவது சிரித்தால், 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள். காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள், ஒரு குழாயில் கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்துத் தின்றன.

இந்த இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு கதையைச் சிக்கலோடு நிறுத்தியிருக்கிறோம். மிச்சத்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்கள் திருத்தி எழுதித் தர வேண்டாம். கையெழுத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவோம்!

அன்புடன்,
ஆசிரியர்