காரணம் சொல்லுங்கள், நாள் கொடுங்கள்



இந்த இதழ் அச்சுக்குப் போகிற 2020 செப்டம்பர் முதல் வாரத்தில், கொரோனா ஊரடங்கில் மாவட்டம் தாண்டிப் போக வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் ஒருவழியாக ஒழிந்திருக்கிறது. மலைவாசத்தலங்கள் தவிர, தமிழ்நாட்டுக்குள் எங்கிருந்து எங்கே போகவும் இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாவட்டத்துக்குள் பேருந்து ஓடுகிறது. 7-ஆம் தேதி முதல் மாவட்டம் தாண்டியும் ஓடும் என்று அறிவித்துவிட்டார்கள். சென்னை மெட்ரோ ரயிலும் அன்றே புறப்படுகிறது. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் திறந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் போயிற்று.

இவ்வளவு நல்ல செய்தி ஒரே வாரத்தில் வந்தால் வாசகர் கடிதங்களில் சந்தோஷம் வழிய வேண்டும். ஆனால் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் எங்களுக்கு வந்து குவிந்திருப்பவை பெரும்பாலும் கோபக் கடிதங்கள். நோயின் மேல் கோபமில்லை. ஊரடங்கின் மேல்கூட அவ்வளவாக இல்லை. தளர்வுகளின் மேல்தான் கோபம்! பூட்டியபோது பொறுத்துக்கொண்டவர்கள், திறந்த விதத்தைப் பார்த்துத்தான் பொறுமையிழந்திருக்கிறார்கள்.

சென்னை அரும்பாக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வீட்டுக்குள் இருக்கச் சொன்னதற்காக எனக்கு வருத்தமில்லை சார். அடுத்த வாரம் கடை உண்டா இல்லையா என்று ஒரு நாளாவது முன்கூட்டித் தெரிந்திருந்தால் பாலுக்குச் சொல்லி வைத்திருப்பேன்.” அவர் கணக்கைப் பாருங்கள். மார்ச் 24 மாலை 144 தடை. மே 11-இல் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். ஜூன் 19-இல் டீக்கடையே கூடாது என்றார்கள். ஜூலை 6-இல் மறுபடியும் பார்சல். ஒவ்வொரு முறையும் பால்காரரிடம் சொல்லி, மாஸ்டரை ஊரிலிருந்து வரச் சொல்லி, அவருக்கு இ-பாஸ் கிடைக்காமல், கடைசியில் இவரே டீ ஆற்றியிருக்கிறார். “டாஸ்மாக்கை மே 7-ஆம் தேதியே திறந்தார்கள். டீக்குக் கிருமி வரும், சரக்குக்கு வராதா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு ஊரே கேட்டது. கோயில் பூட்டியிருக்கிறது, சலூன் பூட்டியிருக்கிறது, மதுக்கடை வாசலில் மட்டும் சவுக்குக் கட்டை கட்டி வரிசை! ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் காலையில், நாற்பதுக்கு மேல் என்றால் மதியம், இளைஞர்களுக்கு அதன் பிறகு என்று வயதுக்கு ஒரு நேரம் ஒதுக்கினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. 16-ஆம் தேதி கடைகள் திறந்தன. சென்னையிலோ ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. திறக்காததால் நகரத்துக்காரர்கள் குடிக்காமல் இருந்தார்களா என்றால், பக்கத்து மாவட்டக் கடைகளுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வரி வருமானம் இல்லாமல் அரசு நடக்காது என்பதுதான் உண்மையான காரணம். அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மக்கள் திட்டியிருப்பார்கள். ஆனாலும் ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கடிதம் பள்ளிபாளையத்திலிருந்து. எழுதியவர் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த சகோதரி. காவிரிப் பாலத்தின் இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம். இரண்டும் வேறு வேறு ஊர் என்று அங்கே பிறந்து வளர்ந்த யாரும் நினைப்பதில்லை. ஜூன் 1-ஆம் தேதி மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தபோது கோவை, சேலத்தோடு இவை இரண்டும் ஒரே மண்டலத்தில் இருந்தன. பாதிப் பேருந்துகள் ஓடின, இவர் வேலைக்குப் போனார். அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜூன் 25 முதல் மாவட்டம் தாண்டினாலே இ-பாஸ் என்றானது.

தனியாள் இ-பாஸ் கேட்பதென்றால் கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். ‘பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டும்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடை முதலாளி விண்ணப்பித்திருந்தால் வழி பிறந்திருக்கலாம். அவர் விண்ணப்பிக்கவில்லை, ஈரோட்டிலேயே குடியிருக்கும் வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொண்டார். “இப்போது இ-பாஸ் வேண்டாமாம். எனக்கு வேலையும் இல்லை” என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது கடிதம். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாவட்ட எல்லை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற ஐந்து மாவட்டங்களும் 2019-இல்தான் பிறந்தன. ஆலங்குளத்துக்காரருக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி, துணிக்கடை எல்லாமே திருநெல்வேலிதான். முந்தின வருஷம்வரை அது அவருடைய சொந்த மாவட்டத் தலைநகர். புதுக் கோட்டின் மை உலர்வதற்குள் அதன் குறுக்கே சோதனைச் சாவடி வந்துவிட்டது. மாதாமாதம் நெல்லைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவந்த பெரியவர் ஒருவர், மூன்று முறை விண்ணப்பித்தும் இ-பாஸ் மறுக்கப்பட்டு, கடைசியில் பழைய சீட்டைக் காட்டியே மருந்து வாங்கிச் சாப்பிட்டதாக அவர் மகள் எழுதியிருக்கிறார்.

“கொரோனா மாவட்ட எல்லை பார்த்தா வருது?” என்று கேட்காத கடிதமே இல்லை. இதற்கு அரசு தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. படுக்கைகளை எண்ணுவதும், பரிசோதனை நடத்துவதும், நோயாளி யாரையெல்லாம் சந்தித்தார் என்று தேடிப் பிடிப்பதும் கலெக்டரின் கீழ் மாவட்ட அளவில்தான் நடக்கிறது. ஜூன் மாதம் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வெளியேறியபோது மதுரை, தேனி, திருநெல்வேலி என்று நோயும் கூடவே போனது. எல்லையில் ஒரு தடுப்பு வேண்டும் என்று கலெக்டர்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இதை யாராவது ஒருவர் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாமே! தொலைக்காட்சியில் தினமும் மாலையில் எண்ணிக்கை சொன்னார்கள். எண்ணிக்கையோடு காரணத்தையும் சொல்ல நேரமா இல்லை?

டாக்டர் கசப்பு மருந்து கொடுக்கும்போது எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சொல்லித்தான் கொடுக்கிறார். அதனால்தான் குடித்துத் தொலைக்கிறோம். ஆனால் நம் விதிகளுக்கு ஆயுளும் தெரியவில்லை, அடுத்தது என்ன என்பதும் தெரியவில்லை.

நாள் கொடுக்காமல் அறிவித்தால் என்ன ஆகும் என்பதை ஏப்ரலிலேயே பார்த்துவிட்டோம். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி சொன்னார்கள். 25-ஆம் தேதி ஒரே நாளில் நகரம் முழுக்கக் கடைகளில் முண்டியடித்தது. சென்னையின் கோயம்பேடு சந்தையில் தோளோடு தோள். நான்கு நாள் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவு, நான்கு நாள் கூட்டத்தையும் ஒரே காலைப்பொழுதில் கூட்டிவிட்டது. அடுத்த சில நாட்களில் கோயம்பேடு பெயர் பல மாவட்டங்களின் நோயாளிப் பட்டியலில் வந்தது. மே 5-இல் சந்தையை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கும், பூ, பழத்தை மாதவரத்துக்கும் மாற்றினார்கள். அந்த ஒரு நாள் கூட்டத்தால் மட்டும்தான் பரவியது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே அங்கே நெரிசல்தான். என்றாலும் அந்த நாளை மறக்க வேண்டாம்.

இதே கதை ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தது. ஞாயிறு முழு ஊரடங்கு என்றதும் சனிக்கிழமையே காசிமேட்டிலும் கறிக்கடைகளிலும் கூட்டம். ஆறு நாளுக்குள், குறைந்த நேரத்துக்குள் வாங்கிவிட வேண்டும் என்றால் கூட்டம் சேரத்தான் செய்யும். கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் கூட்டம் கலையும் என்பது எந்த மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் தெரிந்த விஷயம். அரசு ஆலோசனைக் குழு போடும்போது அவர்களில் ஒருவரையும் சேர்த்திருக்கலாம்.

சலூன்காரர்களின் கதை தனி. கிராமத்தில் மே 19, சென்னை தவிர்த்த நகரங்களில் மே 24, சென்னையில் ஜூன் 1. அதுவும் முடிவெட்ட வருபவரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொண்டு. முடிவெட்ட ஆதாரா என்று சிரித்தோம். நோயாளி வந்துபோயிருந்தால் மற்றவர்களைத் தேடிப் பிடிக்க அது உதவும் என்று யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் குறைகிறது. பெயரும் கைபேசி எண்ணும் போதாதா என்று கேட்டால் பதிலில்லை. எல்லை விதியிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு: கேரள எல்லையில் சின்னாறு சோதனைச் சாவடியில், மாப்பிள்ளை ஒரு மாநிலம், பெண் ஒரு மாநிலம் என்பதால் நடுச்சாலையிலேயே தாலி கட்டிக் கல்யாணங்கள் நடந்தன. சுகாதாரத் துறை ஊழியர்களும் போலீஸ்காரர்களுமே விருந்தினர்! விதிக்குள்ளேயே வாழ்க்கைக்கு ஒரு வழி கண்டுபிடித்த அந்தக் குடும்பங்களுக்கு என் வாழ்த்துகள்.

எல்லாமே இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை இல்லை. ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கைது செய்தது. சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. கடை மூடும் நேரம் என்பது சுகாதார விதி. மீறினால் அபராதம் போடலாம், கடைக்குச் சீல் வைக்கலாம். அதை லத்தியின் கையில் கொடுத்தது பெரும் தவறு. இந்தப் பத்திரிகை அதை எத்தனை இதழிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆட்சியாளர்களுக்கும் இது முன்னே பார்த்திராத நோய். குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும் வந்தன. அம்மா உணவகங்கள் பலரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றின. விரைவுச் சோதனைகளை நம்பாமல் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையையே லட்சக்கணக்கில் செய்தார்கள். தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டு, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய மாநகராட்சிக் களப்பணியாளர்களால்தான் சென்னையில் நாளுக்கு 2,000-த்தைத் தாண்டிய எண்ணிக்கை இறங்கியது. தொற்று வந்தவர்களின் வீட்டு வாசலில் தகரம் அடித்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தகரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களுக்குக் காய்கறியும் பாலும் வாங்கிக் கொடுத்தவர்களும் அதே பணியாளர்கள்தான்.

இந்தச் செப்டம்பர் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்துவிட்டோம். இ-பாஸ் போனதால் கொரோனா போய்விடவில்லை. பேருந்து ஓடுகிறதே என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு பேசாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் கேட்கிறேன்.

இன்னும் திறக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன: சென்னையின் புறநகர் மின்சார ரயில், பள்ளி, கல்லூரி, திரையரங்கம், மெரினா. ஒவ்வொன்றையும் திறக்கும்போது, எதைப் பார்த்து முடிவெடுத்தோம், எப்போது மறுபடி யோசிப்போம் என்று இரண்டு வரி சேர்த்து அறிவியுங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம். புது விதி எதுவானாலும் நடைமுறைக்கு வரும் முன் மூன்று நாளாவது கொடுங்கள். குறிப்பாக, எல்லையோர ஊர்களில் தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போகிறவர்களை முதலில் யோசியுங்கள். தளர்வு வந்தபோதெல்லாம் அவர்கள்தான் கடைசியாக நினைவுக்கு வந்தார்கள்.

வாசகர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஐந்து மாதத்தில் எந்த விதி உங்களைக் காப்பாற்றியது, எந்த விதி காரணமில்லாமல் வதைத்தது என்று எழுதி அனுப்புங்கள். திட்டி மட்டும் எழுத வேண்டாம்; என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுவதோடு, எல்லாவற்றையும் தொகுத்துச் சுகாதாரத் துறைக்கும் அனுப்பிவைக்கப் போகிறோம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். ஊரையும் மாவட்டத்தையும் மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்